கார்ப்ரேட்டர் மேல பழி போடறதுக்கு முன்னாடி

கோலாலம்பூர் செந்தூல்ல பழைய காடி (கார்) ரிப்பேர் பாக்குற எங்க வொர்க்‌ஷாப்புக்கு வர்றவங்கள்ல பாதி பேரு இறங்குறப்பவே என்ன, மெக்கானிக்க, பாத்து "கார்ப்ரேட்டர் போச்சு போமன், புதுசு மாத்திரலாமா"ன்னு தான் ஆரம்பிப்பாங்க. வேக்கம் கேஜ (இன்ஜின் காத்த உறிஞ்சுற பலத்த காட்டுற மீட்டர்) மாட்டிப் பாத்தா பெரும்பாலும் கோளாறு வேற எங்கயாவது தான் இருக்கும், பெட்ரோலயும் காத்தயும் கலந்து குடுக்குற கார்ப்ரேட்டர் பாவம்.

கேஜ் ஹோஸ இன்டேக் மேனிஃபோல்டுல (கார்ப்ரேட்டர்லேர்ந்து சிலிண்டருக்குப் போற குழாய்) நேரா மாட்டணும். த்ராட்டில் தட்டுக்கு (ஆக்சிலரேட்டர அழுத்துனா திறக்குற மூடி) மேல இருக்கிற ஓட்டைல மாட்டுனா ஐட்லிங்ல (கால் வைக்காம இன்ஜின் சும்மா ஓடுறப்ப) முள்ளு அசையாது, பசங்க உடனே கேஜ் ரோசாக், கெட்டுப்போச்சும்பாங்க. ஸ்டாண்டர்ட் இன்ஜின் நல்லா சூடானப்புறம் ஐட்லிங்ல 17லேர்ந்து 21 இஞ்ச் (பாதரச அளவு) காட்டணும், முள்ளும் ஆடாம நிக்கணும்.

ஒரு தடவ டட்சன் 120ஒய் ஒண்ணு வந்துச்சு, 1171 சிசி ஏ12 இன்ஜின், வேற கடைல கார்ப்ரேட்டர கழுவி ரிப்பேர் கிட்டும் போட்டு ஐட்லிங் நிக்கவே இல்லயாம். முள்ளு 14ல ஆடாம நிக்குது. ஆடாம கம்மியா நின்னா ஒண்ணு எங்கயோ காத்து இழுக்குது, இல்ல டைமிங் (பிளக்ல பொறி விழுற நேரம்) லேட்டு. அத பாக்குற டைமிங் லைட் அடிச்சேன், அது சரி. அப்புறம் கார்ப் கிளீனர கார்ப்ரேட்டர் அடில துளித்துளியா அடிச்சுக்கிட்டே வந்தேன் (இந்த இன்ஜின்ல எக்ஸாஸ்டும் அதே பக்கம் கீழயே இருக்கு, தீயணைப்பு டப்பா பக்கத்துல இல்லாம இத செய்யாதீங்க), பின்பக்க மூலைல பட்டதும் இன்ஜின் சத்தம் மாறுது, முள்ளு மேல ஏறி திரும்ப விழுது. கழட்டுனா பேஸ் கேஸ்கட் (கார்ப்ரேட்டர் அடில காத்து புகாம அடைக்கிற தகடு) அந்த ஓரத்துல கிழிஞ்சு கெடக்கு, அதுக்கு மேல யாரோ சிலிகான் வேற தடவி வச்சிருக்காங்க.

கேஸ்கட் மாத்துனதும் 18. அதுக்கப்புறம் தான் மிக்சர் ஸ்க்ரூவ (பெட்ரோல் அளவ கூட்டிக் கொறைக்கிறது) தொட்டேன், முள்ளு உச்சிக்குப் போற வரைக்கும் மெதுவா திருப்பி, ஏறிப்போன ஐட்லிங்க கொறச்சு, மறுபடி திருப்பி, கடைசில முள்ளு லேசா எறங்க ஆரம்பிக்கிற அளவுக்கு மட்டும் உள்ள முறுக்கி விட்டேன்.

சில பேரு டைமிங்கயும் இப்படியே முள்ளு உச்சில வச்சு செட் பண்றாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. டைமிங்க முன்னால தள்ளத் தள்ள வேக்கம் ஏறிக்கிட்டேதான் போகும், நம்ம ஊரு வெயில்ல ஆள ஏத்திக்கிட்டு மேடு ஏறுனா டக்டக்குன்னு இன்ஜின் தட்டும். டைமிங்குக்கு டைமிங் லைட்டு தான்.

கேமரன் மலைலேர்ந்து ஒருத்தரு போன் போட்டு "அண்ணே, 13 தான் காட்டுது, இன்ஜின் முடிஞ்சுச்சா"ன்னு பதறுறாரு. ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு இஞ்ச் கொறையும், அங்க இருக்கிற தானா ராத்தா ஊரு கிட்டத்தட்ட 4700 அடி, அங்க 13 காட்டுனா நல்ல இன்ஜின் தான், நிம்மதியா ஓட்டுங்கன்னு சொல்லிட்டேன்.

முள்ளு ஒரே தாளத்துல விட்டு விட்டு கீழ துடிச்சா தான் எனக்கு வயித்தக் கலக்கும். அது பெரும்பாலும் வால்வு, எந்த ஸ்க்ரூவ திருப்பியும் அடங்காது, கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்) எடுத்துப் பாத்துட்டு ஹெட்ட (இன்ஜின் மேல்பாகம்) எறக்கணும்னு ஓனர்கிட்ட சொன்னா, அவரு இன்னமும் கார்ப்ரேட்டரத்தான் பாத்துக்கிட்டு நிப்பாரு.