பூட்டி வைக்க அறை, படுக்க வளவு

அம்மாவுக்கு எழுபது முடிந்ததற்கு என்ன வாங்கித் தரலாம் என்று அண்ணனும் நானும் ஒரு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டோம். புடவை வேண்டாம் என்பாள், தங்கம் வாங்கினால் எங்களைத் திட்டுவாள். கடைசியில் செட்டிநாட்டுப் பக்கம் ஹோட்டலாக மாறிவிட்ட ஒரு பெரிய வீட்டில் ரெண்டு ராத்திரி தங்க வைத்துக் கூட்டிவருவது என்று முடிவானது. அம்மா பிறந்தது தேவகோட்டை. தாத்தா அங்கே ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. அப்படி ஒரு வீட்டுக்குள் அம்மா சின்ன வயதில் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறாள், ஆனால் எப்போதும் பின்வாசல் வழியாகத்தான், தாத்தாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகிற பிள்ளையாக.

நாங்கள் தங்கிய ஹோட்டலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே கொஞ்சம் குறை சொல்லியிருக்கிறேன், அதற்காகத்தான். ஒரு ராத்திரி வாடகை என் வீட்டு மாச வாடகையில் பாதி. அம்மாவிடம் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் சொன்னேன், அதற்கே முகம் சுருங்கிவிட்டது.

எழும்பூரில் பல்லவன் ரயில் ஏறி காரைக்குடியில் இறங்கும்போது ராத்திரி ஆகிவிட்டது. அங்கிருந்து ஹோட்டல் கார். ஊருக்குள் நுழைந்ததும் தெரு சட்டென்று அகலமாகி, கோடு போட்டது போல நேராக ஓடுகிறது. ரெண்டு பக்கமும் கோட்டை மதில் மாதிரி வீடுகள், மாடியில் தூண் வரிசை, உச்சியில் கஜலட்சுமி, சில இடங்களில் தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய் பொம்மைகூட. ஒன்றிலும் விளக்கில்லை. தெரு முழுக்க இருட்டு, நடுவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் கல்யாண வீடு போல வெளிச்சம். அதுதான் எங்கள் ஹோட்டல்.

திண்ணை ஏறியதும் வேட்டி கட்டிய ஒரு பையன் நன்னாரி சர்பத் தட்டோடு வந்து, "வாங்க ஆச்சி" என்றான். செட்டியார் வீட்டுப் பெண்களைத்தான் அங்கே அப்படிக் கூப்பிடுவார்கள். அம்மா திரும்பிப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். "நான் ஆச்சி இல்லப்பா, கணக்கப்பிள்ளை மக" என்றாள். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, "உள்ள வாங்கம்மா" என்று சிரித்தான். நிலைக்கதவைத் தாண்டும்போது அம்மா குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கதவைச் சுற்றி ஒரு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு அங்குலம்கூட விடாமல் செதுக்கித் தள்ளியிருந்தார்கள். எனக்கு அதைவிட அந்தப் படிதான் மனதில் நிற்கிறது.

இந்த வீடுகளின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் மற்றது புரியாது. முன்னால் திண்ணையும் முகப்பும், ஆண்கள் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் பேசுகிற இடம். அதைத் தாண்டினால் வளவு, அதாவது வானம் தெரிகிற பெரிய முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய் அடுப்படி, அம்மி, ஆட்டுக்கல், கிணறு எல்லாம் முடிந்து அடுத்த தெருவில் பின்வாசல் திறக்கும். முன்வாசலில் நின்றால் வீட்டுக்குள்ளேயே பார்வை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகும்.

எங்கள் அறைக்கு ஹெரிடேஜ் சூட் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாலு பேர் படுக்கிற கட்டில், மூலையில் குளிர்சாதனப் பெட்டி, கட்டிலுக்கு மேலே கொசுவலையா அலங்காரமா என்று தெரியாத ஒரு வெள்ளைத் துணி. அம்மா உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏன்டி, இதுல போய் படுக்க வச்சிருக்கான்? இது சாமான் வச்சுப் பூட்டுற அறைடி."

அப்போதுதான் எனக்கே விளங்கியது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம் என்று கணக்கு, கோவில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். கொஞ்ச நாளில் வேறு வைத்துவிடுவார்கள். அதற்காகத் தனி வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, அதே வீட்டில் தனி அடுப்பு, தனி அரிசி, தனிக் கணக்கு. அந்தப் புள்ளிக்கென்று வளவில் ஒரு அறை. அதில் மருமகள் கொண்டுவந்த வெள்ளி, பித்தளை, எனாமல் தூக்கு, பாய், பெட்டகம் எல்லாம் அடுக்கிப் பூட்டுப் போட்டிருக்கும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைத் தவிர மற்றவர்கள் பாயை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்திலோ மெத்தையிலோதான் படுப்பார்கள். மெத்தை என்றால் அங்கே மாடி, பஞ்சு மெத்தை இல்லை. வெளியூர்க்காரர்கள் இதில் ஒரு தடவையாவது ஏமாறுவோம்.

சாமானுக்கெல்லாம் கணக்கு உண்டு. முறைச்சிட்டை என்று எழுதுவார்கள், யார் வீட்டிலிருந்து யாருக்கு எந்தச் சடங்குக்கு என்ன வந்தது என்று. தாத்தாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம். கல்யாண சீசனில் கை வீங்கிவிடும் என்று அம்மா சொல்வாள். தொழில் கணக்கும் அப்படித்தான். வருஷ முடிவில் ஐந்தொகை என்கிற இருப்புநிலைக் கணக்கு போட்டுப் பார்த்து ஒரு பைசா இடித்தாலும் ராத்திரி சோறு இறங்காது.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தச் சுவர்களின் கதை. வெள்ளைக்காரன் கீழ்ப் பர்மாவைப் பிடித்ததும் ஐராவதி ஆற்றங்கரைச் சதுப்பெல்லாம் நெல் வயலானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, பர்மா அரிசிக்கு ஐரோப்பா வரைக்கும் சந்தை வந்தது. விவசாயிக்குக் கடன் வேண்டும், வெள்ளைக்கார வங்கி அவனுக்குத் தராது. அங்கேதான் நகரத்தார், அதாவது இந்தச் செட்டியார்கள், வட்டிக்கடை போட்டார்கள். பெட்டியடியில், அதாவது கல்லாவுக்குப் பக்கத்தில், எடுபிடி வேலை பார்க்கிற பையனாகக் கப்பல் ஏறி, கணக்குக் கற்று, அடுத்தாளாகி, மேலாளாகி, சில வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவது என்று ஒரு வாழ்க்கை. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் தனி. தேக்கு அங்கிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, சுவரில் பதிக்கிற பூ ஓடு ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும். ஒரு மழை பெய்தால் பத்து நாள் பேசுகிற இந்த வறண்ட பூமிக்கு அத்தனையும் கப்பலில் வந்து மாட்டுவண்டி ஏறியிருக்கிறது.

சரி, எல்லாமே இறக்குமதியா என்றால் அதுவும் இல்லை. காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல், பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் செய்கிற தரை ஓடு. கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர் சிமென்டை ஊற்றி, மேலே உள்ளூர் மணலும் சிமென்டும் போட்டு அமுக்கித் தண்ணீரில் ஊற வைத்து எடுப்பது. சூளையில் சுடுவதே கிடையாது. நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும். சுவருக்குச் சுண்ணாம்போடு கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். நூறு வருஷம் ஆனாலும் கன்னம் வைத்தால் ஜில்லென்று இருக்கும். இருக்கும் என்கிறேன், எங்கள் அறையில் அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஏசி குழாய்க்காகத் துளை போட்ட இடத்தில் உள்ளே அந்த வெள்ளைப் பூச்சு கண்ணாடி மாதிரி உடைந்து நின்றது. பார்க்கவே வயிற்றெரிச்சல்.

அடுத்த நாள் மத்தியானம் காரைக்குடியில் 'பங்களா' என்கிற ஹோட்டலில் சாப்பாடு. செட்டிநாட்டில் இந்த ஹோட்டல் வழக்கத்துக்கு முன்னோடி என்று இதைச் சொல்லலாம். ஒரு செட்டியார் குடும்பம் தங்கள் ஆட்கள் கூடிப் பேசவும் விருந்தாளிகளைத் தங்க வைக்கவும் நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டிய இடம். 1990களின் கடைசியில் அந்த வீட்டு மருமகளான மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி அதை ஹோட்டலாக்கினார். அப்போது இந்த ஊருக்கு யார் வந்து தங்கப் போகிறார்கள் என்று கேட்டிருப்பார்கள். வாழை இலை போட்டு நிதானமாகப் பரிமாறினார்கள். அம்மா குழம்பை நக்கிப் பார்த்து "காரம் பத்தல" என்றாள். செட்டிநாடு என்றாலே காரம் என்று நினைப்பது நம் ஊர் ஹோட்டல் போர்டுகள் கிளப்பிவிட்டது என்று நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆனால் ஹோட்டலுக்குத் திரும்பியதும் வந்த வெள்ளைப் பணியாரத்தை ஒரு தட்டு முழுக்க முடித்தாள். கவுனி அரிசி வாங்கிக்கொண்டு வந்தோம். அந்தக் கறுப்பரிசியும் பர்மா சம்பந்தம்தான், இப்போது இவர்கள் வீட்டில் அது இல்லாமல் விசேஷம் இல்லை.

கானாடுகாத்தானில் விசாலம் என்று ஒரு வீடு, இப்போது அதுவும் ஹோட்டல். ராமநாதன் செட்டியார் என்பவர் தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டியது. வீடும் பங்கும் ஆண் வாரிசுக்கே போகிற ஊரில் மகள் பெயரில் அவ்வளவு பெரிய வீடு! அம்மா அதன் வாசலில்தான் ரொம்ப நேரம் நின்றாள். தூண், ஜன்னல் எல்லாம் பம்பாய் சினிமாக் கொட்டகை பாணியில் வளைந்து வளைந்து இருக்கும், பழைய வளவு வீட்டு முகமே இல்லை. அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தோம். கோத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர்கள் இருவர் சரி செய்து நடத்துகிற சாரதா விலாஸ், திருமயம் பக்கம் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். இவை பிழைத்த வீடுகள்.

பிழைக்காதவைதான் அதிகம். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர முடியவில்லை, ரொக்கத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் அந்தப் பத்து வருஷத்துக்குள் செட்டியார்கள் கையில். பர்மியர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பெருமை பேசுகிற யாரும் அந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை. 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் ஓட்டம், 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம், 1964இல் மிச்சமிருந்த கடைகளும் போயின. அம்மாவுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. தாத்தாவின் முதலாளி ரங்கூன் தபாலுக்காகத் தினம் முகப்பில் உட்கார்ந்திருந்ததும், தாத்தாவுக்குச் சம்பளம் நெல்லாக மாறியதும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் வீட்டைப் பராமரிக்கப் பணம் இல்லை என்பதைவிட, வீடு யாருடையது என்பதே பெரிய சிக்கல். நாலு தலைமுறையில் ஒரு வீட்டுக்கு ஐம்பது பங்காளி. ஒருவர் அமெரிக்கா, ஒருவர் அடையாறு. எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் ஓடு மாற்றலாம். ஒத்துப்போனால் குத்தகைக்கு விட்டு ஹோட்டல், ஒத்துப்போகாவிட்டால் பூட்டு, ரொம்பவும் முற்றினால் இடித்துப் பிரித்து விற்பனை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் போய்ப் பாருங்கள், தூண் தூணாக, நிலை நிலையாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். 2014இல் இந்த ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ரெண்டாம் நாள் ராத்திரி ஒரு மணிக்கு ஏசியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், நேராக அம்மா தலைமாட்டில். போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. அம்மா தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனவள் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் வளவுத் தாழ்வாரத்தில் தூணோரமாகத் தரையில் படுத்திருக்கிறாள். காவலாளி பதறிப்போய் டார்ச்சோடு நிற்கிறார்.

"அம்மா, கெஸ்ட்டெல்லாம் இங்க படுக்கக் கூடாதும்மா."

"இங்கதானப்பா எல்லாரும் படுப்பாக. ஒரு பாய் இருந்தாக் குடு."

கொடுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். முற்றத்து வழியாக இறங்குகிற காற்று, கல்லின் குளிர்ச்சி, மேலே சதுரமாக வானம். பத்து வருஷத்துக்கு ஒரு கல்யாணம், அதற்கு நாலு நாள் இருநூறு பேர் வந்து இப்படி வரிசையாகப் படுத்து எழுந்து போவதற்குத்தான் இவ்வளவு பெரிய வீடா என்று கேட்டேன். "ஆமா, மத்த நாளெல்லாம் ரெண்டு ஆச்சியும் ஒரு சமையக்காரியும்தான் இருப்பாக" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். அப்படிப் பார்த்தால் தினம் வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து போகிற ஹோட்டல் ஒன்றும் இந்த வீட்டுக்குப் பொருந்தாத வேஷம் இல்லை. பெயின்ட்தான் பொருந்தவில்லை.

காலையில் பில் வந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள், வாடகை தெரிந்துவிடுமே என்று நான் தவித்தேன். அது கண்ணில் படவே இல்லையோ, பட்டும் விட்டுவிட்டாளோ. விரலை ஓட்டிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினாள். வெள்ளைப் பணியாரம் ரெண்டு தட்டு என்று போட்டிருந்தது. "ஒண்ணுதான் சாப்பிட்டோம்." பையன் திருத்தி எழுதிக் கொண்டுவந்தான். அதையும் ஒருமுறை கூட்டிப் பார்த்தாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன், "வண்டி பின்பக்கத் தெருவுல நிக்குதும்மா, இப்படியே பின்வாசல் வழியா போயிரலாம், கிட்டக்க" என்றான்.

அம்மா முகப்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "வண்டிய முன்னாடி கொண்டாரச் சொல்லுப்பா."