பம்பு போகும் முன்பே டிராயிங் போய்விடுகிறது: தொழில்நுட்பம் அனுப்ப சிங்கப்பூரில் பெர்மிட் வாங்குவது

சிங்கப்பூரின் டுவாஸ் தொழிற்பேட்டையில் ரசாயனப் பம்பை வடிவமைத்து, வார்ப்பைக் கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் (உலோக வார்ப்பாலையில்) கொடுத்து வாங்கும் நிறுவனங்களில் பெர்மிட் என்றாலே ஷிப்பிங் பிரிவின் வேலை என்று விட்டுவிடுவார்கள். பெட்டி கிளம்பும்போதுதானே கஸ்டம்ஸ்? ஆனால் டிராயிங் அதற்குப் பல வாரம் முன்பே மின்னஞ்சலில் போய்விடுகிறது. ஆயுத வேலைக்கு உதவக்கூடிய பொருளும் தொழில்நுட்பமும் வெளியே போவதைக் கட்டுப்படுத்த 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள உத்திபூர்வப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த மின்னஞ்சலையும் பிடிக்கும். வெளிநாட்டில் இருப்பவர் திறந்து பார்க்கும்படி கிளவுட் ஃபோல்டரில் போட்டு வைப்பதையும் பிடிக்கும். அதே கோப்பைத் தம்ப் டிரைவில் போட்டு விமானத்தில் கொண்டுபோனால் அது சாதாரண ஏற்றுமதிக் கணக்கில் வரும். வழி வேறு, பெர்மிட் தேவை அதேதான்.

படிவம் நிரப்புவது இதில் சின்ன வேலை. எந்தத் தாள் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது என்று முடிவு செய்வதில்தான் முக்கால்வாசி நேரம் போகிறது. அதை டிராயிங் போட்ட இன்ஜினியர் செய்ய வேண்டும். ஷிப்பிங் கிளார்க்கால் முடியாது.

இந்தச் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இரண்டு பகுதிகள் உண்டு: ராணுவப் பொருள்கள், இருவகைப் பயன்பாட்டுப் பொருள்கள் (சாதாரணத் தொழிலுக்கும் ஆயுத வேலைக்கும் உதவுபவை). இரண்டாவது 0 முதல் 9 வரையான பிரிவுகளாகப் போகும். ரசாயன ஆலைப் பம்பும் வால்வும் 2பி350-இல் இருக்கின்றன. குறியீட்டின் நடு எழுத்தைக் கவனியுங்கள்: பி என்றால் கருவி, டி என்றால் மென்பொருள், ஈ என்றால் தொழில்நுட்பம். பம்பு 2பி350 என்றால், அதைத் தயாரிக்கும் தொழில்நுட்பம் 2ஈ002; பயன்படுத்தும் தொழில்நுட்பம் 2ஈ301. பம்பை அனுப்பவே போவதில்லை, டிராயிங் மட்டும்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாததற்குக் காரணம் இந்த ஈ வரிசை.

பம்பு அந்தக் குறியீட்டில் விழுகிறதா என்பதற்கு மூன்று கேள்விகள். முதலாவது சீல் (திரவம் கசியாமல் அடைக்கும் பாகம்): இரட்டை மெக்கானிக்கல் சீல் போன்ற பல சீல் உள்ளதா, அல்லது மேக்னெட்டிக் டிரைவ் போலச் சீலே இல்லாததா? ஒற்றைச் சீல் பம்பு இந்த வரியில் வராது. இரண்டாவது, உற்பத்தியாளர் குறிப்பிடும் உச்ச ஓட்டம் மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேலா? அது நிமிடத்துக்கு 10 லிட்டர்தான், ஆலையில் ஓடும் பம்பு எதுவும் தாண்டிவிடும். மூன்றாவதுதான் உண்மையான சல்லடை: ரசாயனம் தொடும் பரப்புகள் எல்லாம் எந்தப் பொருளில் உள்ளன? டைட்டானியம், டான்டலம், சிர்க்கோனியம், கண்ணாடி, கிராஃபைட், ஃப்ளூரோபாலிமர், 40 விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் உள்ள உலோகக் கலவை, அல்லது 25 விழுக்காட்டுக்கு மேல் நிக்கலும் 20 விழுக்காட்டுக்கு மேல் குரோமியமும் சேர்ந்த கலவை என்றால் உள்ளே.

316எல் துருப்பிடிக்காத எஃகு வெளியே நிற்கும். அதில் நிக்கல் 10 முதல் 14 விழுக்காடுதான். ஹேஸ்டலாய் சி-276-இல் குரோமியம் 16 அளவில்தான் என்று நிம்மதி அடைய வேண்டாம். நிக்கல் 40-ஐத் தாண்டுவதால் அது வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். தொல்லை தருவது அலாய் 20. அதன் தர வரையறையில் நிக்கல் 32 முதல் 38, குரோமியம் 19 முதல் 21. ஒரு ஹீட் (ஒரே தடவையில் உருக்கிய உலோகம்) குரோமியம் 20 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம், அடுத்த ஹீட் அந்தப் பக்கம். டிராயிங்கில் "அலாய் 20" என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே என்றே கொள்கிறோம். அந்த ஹீட்டின் கலவை அளவைச் சொல்லும் மில் சான்றிதழைக் காட்டி வெளியே வைக்கலாம்தான், ஆனால் டிராயிங் ஒரு ஹீட்டுக்காகப் போடப்படுவதில்லை.

ஓ-ரிங்கும் கேஸ்கெட்டும் வைட்டன் ரப்பராக இருக்கிறதே என்று சிலர் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். மாற்றிப் போடக்கூடிய சீலிங் பாகங்களின் பொருள் முடிவை மாற்றாது என்று பட்டியலின் குறிப்பே சொல்கிறது. கேசிங் (வெளிக்கூடு), லைனர் (உள் உறை), இம்பெல்லர் (சுழல் சக்கரம்) ஆகியவையோ, அத்தகைய பம்புக்கென வடிவமைத்தவை என்றால் தனியாக இருந்தாலும் கட்டுப்பாட்டில் வரும். ஆகவே "வெறும் இம்பெல்லர் டிராயிங்தான்" என்பது பதில் ஆகாது.

அடுத்து, அனுப்பப் போகும் டிராயிங் தொகுப்பில் உள்ள தாள்களைப் பிரிப்பது. கட்டுப்படுத்தப்பட்ட தன்மையை எட்டக் காரணமான தகவல்தான் தொழில்நுட்பமாகக் கணக்கு. வெளி அளவும் ஃபிளாஞ்சும் (குழாய் இணைப்பு விளிம்பும்) காட்டும் பொது அமைப்பு வரைபடம் பெரும்பாலும் அதில் சேராது. லைனிங் அச்சு முறை, சுருக்க ஈடு (ஆறும்போது சுருங்குவதற்கு விடும் அளவு), சீல் அறையின் டாலரன்ஸ் (அளவு விலகல் வரம்பு) இவை சேரும். ஏற்கெனவே பொதுவெளியில் உள்ள தகவலுக்கு விலக்கு உண்டு. முறையாக அனுமதி பெற்று விற்ற பம்பை நிறுவ, ஓட்ட, பராமரிக்க, பழுதுபார்க்கத் தேவையான குறைந்தபட்சக் கையேட்டுக்கும் உண்டு. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பக்கத்தில் குறியீடு, காரணம், தீர்மானித்தவர் பெயர், தேதி எழுதி வைக்கிறோம். எங்கள் கோப்பிலேயே உருப்படியான காகிதம் அதுதான்.

3டி மாதிரியை அனுப்பும் ஸ்டெப் வகைக் கோப்பில் ஒரு பொறி இருக்கிறது. இம்பெல்லரை மட்டும் அனுப்ப நினைத்து முழு அசெம்ப்ளியையும் ஏற்றுமதி செய்துவிடும் மென்பொருள்கள் உண்டு. அனுப்பும் முன் வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

விண்ணப்பத்துக்கு வருவோம். சரக்குக்கு ட்ரேட்நெட் என்ற இணையவழி பெர்மிட் முறை, மின்வழித் தொழில்நுட்பத்துக்கு அந்த வழி இல்லை, சிங்கப்பூர் கஸ்டம்ஸில் தனி விண்ணப்பம். தொழில்நுட்ப விவரம், ஒப்பந்தம் அல்லது ஆர்டர், இறுதிப் பயனர் அறிக்கை இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி திரும்பி வருவது பெரும்பாலும் இந்த அறிக்கையால்தான். "ரசாயனத் தொழில் பயன்பாட்டுக்கு" என்ற ஒற்றை வரி யாருக்கும் பயன்படாது. ஃபவுண்டரி எந்தப் பாகத்தை வார்க்கும், வார்ப்பு டுவாஸுக்கே திரும்புமா, முடிந்த பம்பு எந்த ஆலையில் எந்தத் திரவத்துக்கு ஓடும், பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி) யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் வரட்டும். ஃபவுண்டரி மெஷினிங் வேலையை வேறொரு பட்டறைக்குக் கொடுக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெர்மிட்டில் பெயர் இல்லாத பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் டிராயிங் படம் போனால், அது பெர்மிட்டுக்கு வெளியே நடந்தது. வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்வதையும் நாங்கள் அனுப்பியதாகவே பதிவு செய்கிறோம்.

இறுதிப் பயனர் யார் என்பதில் கதை சொன்னால் இந்தச் சட்டம் மட்டும் அல்ல, மோசடிச் சட்டமும் பாயும். 2025 பிப்ரவரியில், என்விடியா சில்லு இருக்கலாம் எனப்பட்ட சர்வர்கள் தொடர்பான விவகாரத்தில் மூன்று பேர் மீது இங்கே சாட்டப்பட்டது, பொருள் யாருக்குப் போகிறது என்பதில் பொய் சொன்ன மோசடிக் குற்றமே. கட்டுப்பாட்டுச் சட்டத்தில் முதல் தடவைக்கே 1,00,000 சிங்கப்பூர் வெள்ளி அல்லது பொருளின் மதிப்பின் மூன்று மடங்கு, எது அதிகமோ அதுவரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பட்டியலில் இல்லை என்று முடிவானாலும், பேரழிவு ஆயுத வேலைக்குப் போகிறது என்று தெரிந்தாலோ, சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தாலோ பெர்மிட் தேவை. டிராயிங் அமெரிக்கத் தாய் நிறுவனத்திடமிருந்து வந்தது என்றால் சிங்கப்பூர் பெர்மிட் அமெரிக்க அனுமதிக்கு மாற்று ஆகாது; இசிசிஎன் எண்ணை (அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குறியீட்டை) அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆவணங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். போன கோப்பின் திருத்த எண்ணையும் சேர்த்து வையுங்கள். டிராயிங்கின் 'பி' திருத்தத்துக்கு (ரிவிஷன் பி) வாங்கிய பெர்மிட்டில், சீல் அமைப்பே மாறிய 'டி' திருத்தத்தை அனுப்பும் முன் கஸ்டம்ஸிடம் கேட்டுவிடுங்கள். ஃபவுண்டரி திருத்தங்களைக் குறித்துத் திருப்பி அனுப்பும் டிராயிங் இந்தியாவின் ஏற்றுமதி. அங்கே ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் உண்டு, அனுமதி தருவது டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம்). அந்த வேலை அவர்களுடையது என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.