பத்தாம் வகுப்புக்காக பேட்மிண்டனை நிறுத்த வேண்டுமா?

பெண் பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போனதும் வீட்டில் ஆரம்பிக்கும் பேச்சு இது: "ஒரு வருஷம் விளையாட்டை நிறுத்து, பரீட்சை முடிஞ்சதும் பார்த்துக்கலாம்." பையன்களிடம் இவ்வளவு சீக்கிரம் யாரும் இதைச் சொல்வதில்லை. பிளஸ் டூ அறிவியல் பிரிவையும் மாநிலப் போட்டிகளையும் ஒன்றாகக் கடந்து, பிறகு பல்கலைக்கழக அணிக்கும் ஆடியவள் நான். நிறுத்தாதீர்கள் என்பதுதான் என் பதில்.

பேட்மிண்டனில் 13, 15, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே போகும். ஒரு வருடம் விட்டால் ஒரு பிரிவில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். பி.வி. சிந்துவின் கணக்கைப் பாருங்கள். பிறந்தது 1995. உலக சாம்பியன்ஷிப்பில் முதல் வெண்கலம் 2013இல், ரியோ ஒலிம்பிக் வெள்ளி 2016இல், உலக சாம்பியன் பட்டம் 2019இல், டோக்கியோ வெண்கலம் 2021இல். பதினெட்டு வயதிலிருந்து இருபத்தாறு வயதுக்குள் இவ்வளவும் வந்திருக்கிறது. இதற்கான கால்கள், மணிக்கட்டு, மூச்சு எல்லாம் பள்ளி நாட்களிலேயே தயாராக வேண்டும். டிகிரியை ஒரு வருடம் தள்ளி முடிக்கலாம். உடம்பை அப்படித் தள்ளிப்போட முடியாது.

அதற்காகப் படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. உலகத் தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தின் புள்ளிகள். அதைச் சேர்க்க நாடு நாடாகப் போக வேண்டும், ஸ்பான்சர் கிடைக்கும்வரை செலவு குடும்பத்தின் தலையில். காயமும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டேதான் 2024 பாரிஸ் பாராலிம்பிக் பேட்மிண்டனில் ஒற்றையர் வெள்ளி வென்றார். செய்முறை வகுப்பும் வருகைப்பதிவும் விடாமல் துரத்தும் படிப்பு அது.

சரி, எப்படிப் படிப்பது? மாலைப் பயிற்சி முடித்த கையோடு கணக்கையோ இயற்பியலையோ எடுக்காதீர்கள். மல்டி ஷட்டில் (விடாமல் அடுத்தடுத்து வரும் ஷட்டில்களை அடிக்கும் பயிற்சி) போட்டுவிட்டு வந்த இரவில் மூளை புதிதாக எதையும் வாங்காது. ஆனால் கை வேலை செய்யும். படம் வரைவது, வேதியியல் சமன்பாடுகளைப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது, ஏற்கெனவே படித்த பாடத்துக்கு ஒரு மதிப்பெண் கேள்வி போடுவது, இவையெல்லாம் அந்த நேரத்துக்கு. புரிந்து படிக்க வேண்டியதை பள்ளி விட்டு வந்து பயிற்சிக்குக் கிளம்பும்முன் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கும், ஓய்வு நாள் காலைக்கும் வையுங்கள். இந்த ஒரு மாற்றமே எனக்குப் பெரிய வித்தியாசத்தைக் காட்டியது.

வெளியூர்ப் போட்டிக்கு மூன்று புத்தகம் கொண்டுபோகத் தேவையில்லை. ஒரே பாடம் போதும். ஆட்டத்துக்கு முன்னால் படிக்கவும் வேண்டாம். காலை ஒன்பது மணி ஆட்டம் என்பார்கள், கோர்ட் காலியாகும்போது மதியம் மூன்று ஆகிவிடும். அதுவரை கண்ணைக் களைப்பாக்கினால் ஷட்டில் தாமதமாகத்தான் தெரியும். படிக்க நேரம் கிடைப்பது தோற்ற பிறகு. ரயில் டிக்கெட் இறுதிநாளுக்குப் போட்டிருப்பார்கள். நீங்களோ முதல் சுற்றிலேயே வெளியே வந்திருப்பீர்கள். அந்த அறையில் அழுதுகொண்டே போனைப் பார்க்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அழுங்கள், தப்பில்லை. அப்புறம் முகம் கழுவிவிட்டு அந்த ஒரு பாடத்தை எடுங்கள். தேர்வு நேரத்தில்கூட இத்தனை மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் கிடைக்காது.

தோல்வியை எழுதி வைக்கும் பழக்கமும் இரண்டுக்கும் உதவும். எந்தப் புள்ளி எப்படிப் போனது என்று எழுதும் அதே நோட்டின் பின்பக்கத்தில், மாதிரித் தேர்வில் எந்தக் கேள்வியில் மதிப்பெண் எதனால் போனது என்று எழுதினேன். தெரியாததாலா, அவசரத்தாலா, நேரம் போதாததாலா? மூன்றுக்கும் மருந்து வேறு. 2017 கிளாஸ்கோ உலக சாம்பியன்ஷிப் இறுதியில் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவிடம் 110 நிமிடம் போராடி, கடைசி செட்டை 20-22 என்று இழந்தார் சிந்து. அடுத்த வருடமும் இறுதியில் தோல்வி, ஸ்பெயினின் கரோலினா மரினிடம். 2019இல் பாசெலில் நடந்த இறுதியில் அதே ஒகுஹாராவை 21-7, 21-7 என்று வென்றார். மூன்று ஆட்டங்களின் வீடியோவும் யூடியூபில் தேடினால் கிடைக்கும். 2019 ஆட்டத்தில், ஷட்டில் மாறி மாறிப் போய்வரும் நீண்ட ராலிகளுக்குள் இழுக்கப்படாமல், தொடக்கத்திலிருந்தே சிந்து எப்படித் தாக்குகிறார் என்று பேனாவும் கையுமாகப் பாருங்கள்.

பெண்களுக்கு மட்டும் ஒன்று. மாதவிடாய் நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள், பயிற்சியாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அம்மாக்களே, மகளுக்குப் பயிற்சியாளரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். கடும் வலியும் தொடர்ந்த சோர்வும் இருந்தால் "எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று விடாமல் மருத்துவரிடம் காட்டி, ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள்.

சி.பி.எஸ்.இ. மாணவிகளுக்கு, தேசிய அல்லது சர்வதேசப் போட்டி பொதுத்தேர்வு நாளோடு மோதினால் வேறு தேதியில் எழுத அனுமதி கேட்க வழி உண்டு. பள்ளி மூலமாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2024-25 கல்வியாண்டில் தொடங்கிய விளையாட்டுச் சேர்க்கையில், ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடங்கள், அதில் ஒன்று பெண்களுக்கு. அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சியும் வேண்டும், கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது சர்வதேசப் பதக்கமும் வேண்டும். பிளஸ் டூ முடித்து விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு அந்த நான்கு ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகின்றன. சான்றிதழ்களை அப்போதிருந்தே, தேதியும் சங்கத்தின் கையொப்பமும் முத்திரையும் சரியாக இருக்கிறதா என்று அன்றன்றே பார்த்து, ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.