டேபிளும் ஜாயினும் திரும்பி வந்தன

நான் டேட்டாபேஸ் வேலைக்கு வந்தபோது டேபிள்களில் இருக்கும் தகவலைக் கேட்டு வாங்குகிற மொழியான எஸ்கியூஎல் தெரியாமல் இன்டர்வியூ பக்கம் தலைவைக்க முடியாது. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரைதான் அதற்கு மூலம். ஒவ்வொரு விவரத்தையும் ஒரே ஒரு டேபிளில் மட்டும் வை, வேண்டும்போது டேபிள்களை இணைக்கும் ஜாயின் போட்டு எடுத்துக்கொள். எங்களுக்கு அது கிட்டத்தட்ட ஆசாரம்.

2009 வாக்கில் காற்று திசை மாறியது. டேபிளுக்குப் பதில், சேர்ந்த விவரங்களை எல்லாம் ஒரே டாக்குமென்ட்டாக வைக்கும் மாங்கோடிபி வந்தது, டேபிளும் ஜாயினும் வேண்டாம் என்கிற நோஎஸ்கியூஎல் பேச்சு பரவியது. காரணம் இல்லாமல் இல்லை. கூகுள், அமேசான் அளவுக்குத் தகவல் குவிந்தால் ஒரு சர்வர் தாங்காது. பல மெஷின்களில் பிரித்துப் போட்டபின் ஜாயின் பெரும் பாரம். ஆனால் எங்கள் கிளையன்ட்டுகளின் மொத்தத் தகவலும் ஒரே மெஷினில் தாராளமாக அடங்கும். இருந்தும் மீட்டிங்கில் டேபிள் என்று வாயெடுத்தாலே பழைய பஞ்சாங்கம் என்றார்கள்.

அந்தப் பாணியில் கட்டிய ஒரு மொத்த வியாபாரியின் ஆர்டர் சிஸ்டம் நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு ஆர்டருக்குள்ளும் கடையின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் நகலாக இருந்தன. ஒரே வாசிப்பில் முழு ஆர்டரும் வந்துவிடும், வேகம்தான். அப்புறம் ஒரு கடை இடம் மாறியது. பழைய பில்லில் பழைய முகவரியே இருக்க வேண்டும், அனுப்பாத ஆர்டர்களில் மட்டும் புதியது வர வேண்டும். பாதி ஆர்டர்கள் மாறின, பாதி மாறவில்லை. சரக்கு வண்டி காலியான கடை முன்னால் போய் நின்றது. அதைச் சரிசெய்ய எழுதிய ஸ்கிரிப்ட், ஜாயின் செய்கிற வேலையைத்தான் சுற்றி வளைத்துச் செய்தது.

மெல்ல எல்லோரும் திரும்பினார்கள். கூகுளின் ஸ்பானர் என்ற டேட்டாபேஸே எஸ்கியூஎல் பேச ஆரம்பித்தது. 2018இல் மாங்கோடிபியும் பல டாக்குமென்ட்களில் செய்யும் மாற்றங்கள் எல்லாம் சேர்ந்தே நடக்கும், இல்லையேல் ஒன்றுமே நடக்காது என்கிற டிரான்ஸாக்‌ஷன் கொடுத்தது. ஆனால் திரும்பி வந்தது பழைய டேபிள் அல்ல. 2014 இறுதியில் வந்த போஸ்ட்கிரெஸ் என்ற டேபிள் டேட்டாபேஸின் 9.4 பதிப்பில் இருந்த ஜேசன்பி வசதி, டேபிளுக்குள்ளேயே டாக்குமென்ட்டை வைத்து, சீக்கிரம் தேட இண்டெக்ஸ் போடவும் வழி செய்தது. புடவைக்கு நிறமும் பார்டரும், மிக்ஸிக்கு வாட்ஸும் ஜாரும் என்று பொருளுக்குப் பொருள் மாறுகிற விவரங்களுக்கு முன்பு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த நன்றி நோஎஸ்கியூஎல் அலைக்குத்தான்.

இடைப்பட்ட வருடங்களில் வேலைக்கு வந்த பல பிள்ளைகளுக்கு ஜாயின் எழுதிப் பழக்கமில்லை. இப்போது அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறேன். போன தடவை டேபிளை எதனால் விட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரே மெஷினில் அடங்காத கிளையன்ட் நாளைக்கே வந்தால், அந்தக் காரணம் இன்றும் செல்லுபடியாகும்.