சூபிக்கிலிருந்து ஒரு ஜெனரேட்டர் வெளியே வந்த கதை

மணிலாவில் எங்கள் மீன் கிடங்குக்கு ஜெனரேட்டர் தேவைப்பட்டது. புதிது வாங்க முதலாளிக்கு மனமில்லை. "சூபிக் போய்ப் பாருங்க, ஜப்பான் பழசு மலிவாக் கிடைக்கும்" என்றார். சூபிக் முன்பு அமெரிக்கக் கடற்படைத் தளம், இப்போது வணிக மண்டலம். போனேன். 60 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஒன்று பார்த்ததுமே பிடித்துவிட்டது. பேரம் பேசிப் பணம் கட்டி, லாரிக்கும் சொல்லிவிட்டேன். சாயங்காலம் மணிலா போய்விடலாம் என்று நினைப்பு. பதினோரு நாள் ஆனது.

தப்பு என்னுடையதுதான். 1991 ஜூனில் பினடூபோ எரிமலை வெடித்துச் சாம்பலைக் கொட்டியது, செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் 12க்கு 11 என்று தள ஒப்பந்தத்தை நிராகரித்தது, 1992 நவம்பரில் அமெரிக்கக் கடற்படை கிளம்பியது, எல்லாம் தெரியும். தளத்தைச் சுதந்திர வணிக மண்டலமாக்கிய 7227ஆம் எண் சட்டம் அதைத் தனிச் சுங்கப் பகுதி என்கிறது. அதன் அர்த்தம்தான் உறைக்கவில்லை. உள்ளே வரும் சரக்குக்குத் தீர்வை இல்லை. அதே சரக்கு கேட்டைத் தாண்டி நாட்டுக்குள் போனால் இறக்குமதி. நான் கடையில் சாமான் வாங்கவில்லை, வெளிநாட்டில் வாங்கியிருக்கிறேன்!

சரி, சுங்க புரோக்கர் ஒருவரைப் பிடித்தேன். எங்கள் கம்பெனிக்கு இறக்குமதியாளர் பதிவு இருந்தது, நல்லவேளை. விற்றவரின் ரசீது மட்டும் போதாது. விற்றவர் அதை மண்டலத்துக்குள் கொண்டுவந்தபோது போட்ட காகிதமும் வேண்டும் என்றார் புரோக்கர். அதைத் தேடி எடுக்கவே நான்கு நாள். அப்புறம் மதிப்பு போட்டு, தீர்வை போட்டு, இரண்டையும் கூட்டி அதன்மேல் 12 சதவீத வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி. வரிக்கும் வரி. "மலிவு" என்ற சொல்லை முதலாளி அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நடுவில் ஒரு கூத்து. புரோக்கர் "புகாஸ்" என்று ஒற்றைச் சொல்லில் மெசேஜ் அனுப்பினார். கடைகளில் அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறேன், 'திறந்திருக்கிறது' என்று அர்த்தம். ஆபீஸ் திறந்துவிட்டது போல என்று நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர் அடித்துப்பிடித்து வந்தால், பூட்டு. இங்கே பேசும் தகாலோக் மொழியில் அழுத்தம் பின்னால் விழுந்தால்தான் 'திறந்திருக்கிறது', முன்னால் போட்டால் அதே சொல் 'நாளை'. மெசேஜில் அழுத்தம் எங்கே தெரிகிறது?

பணம் கட்டி, வெளியேற்றும் சீட்டும் வாங்கி, லாரியில் ஏற்றிய பிறகு சோதனைக்காரர் மெஷினின் எண் பொறித்த தகட்டைப் பார்த்தார். சீட்டில் எண்ணின் நடுவே 8. தகட்டில் 'B'. விற்றவர் அடித்திருந்த புதுப் பச்சைப் பெயின்ட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. "சார், இது வேற மெஷின் சார்" என்றார் சிரித்தபடி. நம் ஊர் மாதிரியே இங்கேயும் வார்த்தைக்கு வார்த்தை சார்தான். திருத்த இன்னும் இரண்டு நாள்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்: விலை பேசும் முன் விற்பவரிடம் உள்ளே வந்த காகிதத்தைக் கேளுங்கள், தகட்டைச் சுரண்டி நீங்களே போட்டோ எடுங்கள், தீர்வையும் வாட்டும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மூன்றும் ஒத்துவந்தால் லாரிக்குச் சொல்லுங்கள்.

பதினோராம் நாள் மண்டலத்தின் கேட்டில் காவலர் சீட்டை வாங்கி, எண்ணை மூன்று தரம் படித்துவிட்டுத் தடுப்பைத் தூக்கினார். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "புகாஸ், சார்?" என்றார். அழுத்தம் பின்னால் இருந்தது.