மேகத்தில் தூவினால் பனி கூடுமா?

மேக விதைப்பு, அதாவது மேகத்தில் சில்வர் அயோடைடு போன்ற துகள்களைத் தூவிப் பனியையோ மழையையோ கூட்டப் பார்ப்பது, என்றாலே ஒரு பக்கம் அற்புதம், இன்னொரு பக்கம் ஏமாற்று என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. குளிர்கால மலை மேகங்களில் வெப்பநிலை பூஜ்ய டிகிரி செல்சியஸுக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகள் இருக்கும். சில்வர் அயோடைடின் படிக அமைப்பு பனிக்கட்டியை ஒத்திருப்பதால் அதைப் பற்றிக்கொண்டு பனித்துகள் உருவாகிறது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஐடஹோ மலைகளுக்கு மேலே விமானம் காற்றுக்குக் குறுக்கே போய்ப் போய்த் திரும்பித் தூவியபோது, ரேடார் திரையில் அதே கோணல்மாணல் கோடுகளாகப் பனி தெரிந்தது. அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேனோ!

சரி, எவ்வளவு கூடுதல்? அங்கேதான் சிக்கல், ஏனென்றால் தூவாமல் விட்டிருந்தால் எவ்வளவு விழுந்திருக்கும் என்பதை நேரடியாக அளக்கவே முடியாது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 2014 வரை பல குளிர்காலங்கள், ஏற்ற புயல் வரும்போதெல்லாம் இரண்டு மலைத்தொடர்களில் ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து தூவி, மற்றதோடு ஒப்பிட்டார்கள். அப்படியும் புள்ளியியல் கணக்கில் வந்தது 3 சதவீதம்தான், அதுவும் தற்செயலாக இருக்கலாம். மற்ற சான்றுகளையும் சேர்த்துத்தான் 5 முதல் 15 சதவீதம் என்றார்கள், அதுவும் ஏற்ற புயல்களில் மட்டும். மொத்தக் குளிர்காலத்துக்கும் அந்த எண்ணைப் பெருக்கி அணையில் இவ்வளவு தண்ணீர் கூடும் என்று யாராவது கணக்கு சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். வறண்ட வருஷத்தில் தூவ ஏற்ற மேகமே குறைவாகத்தான் இருக்கும்.