பூநாரைக் கால்கள் ஏன் ஒடிந்து தெரிந்தன?

மூன்று வாரமாக என்னை அலைக்கழித்த சிக்கல் நேற்று இரவு தீர்ந்தது. அரிச்சல்முனைக்குப் போகும் வழியில், கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் சனவரி மாதக் காலையொன்றில் எடுத்த பூநாரைப் படங்கள், கேமராவின் சிறுதிரையில் தெளிவாக இருந்தும், மடிக்கணினியில் திறந்தால் கால்கள் துண்டுதுண்டாக ஒடிந்தும், சிறகின் இளஞ்சிவப்பு வெளுத்தும் தெரிந்தன. உப்புக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது என்றே முடிவுகட்டி, அதைப் பழுதுபார்க்க மதுரைக்கு எடுத்துச்செல்லப் பெட்டியில் வைத்தும் விட்டேன்.

ஆனால் படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியவேண்டிய 100 விழுக்காட்டு ஜூமில் அதே கால்கள் சற்று மங்கலாக, எனினும் முழுமையாக இருந்தன. திரைக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கும்போது மட்டுமே ஒடிந்தன. லென்ஸ் கோளாறு ஜூமுக்குத் தக்கபடி மாறாது என்பது உறைத்ததும், லென்ஸை விட்டுவிட்டு கணினியில் படங்களைத் திறந்து காட்டும் மென்பொருளான வியூவரைச் சோதிக்கத் தொடங்கினேன்.

முழுமையாக இருந்தும் அந்த மங்கல் ஏன் என்பதுதான் என்னைப் பல இரவுகள் உட்கார வைத்தது. ஜிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறிமாறி வரும் கோடுகளை வரைந்து பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து, வியூவரில் 100 விழுக்காட்டில் திறந்தேன். கூராகத் தெரியவேண்டிய கோடுகளுக்கு நடுவே, சீரான இடைவெளியில் சாம்பல் பட்டைகள் விழுந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எண்ணினால், திரையின் ஐந்து பிக்சலுக்கு ஒருமுறை அந்தக் கலங்கல் திரும்ப வந்தது. விண்டோஸில் எழுத்துப் பெரிதாகத் தெரிவதற்காக 125 விழுக்காடு ஸ்கேலிங் வைத்திருந்தேன்; என் வியூவரின் பழைய பதிப்பு அதை அறியாததால், 1920×1080 திரையை 1536×864 என்றே எண்ணிப் படத்தை வரைந்தது; விண்டோஸ் அதன் ஒவ்வொரு நான்கு பிக்சலையும் ஐந்தாக இழுத்துத் திரையை நிரப்பியது. வியூவரின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிளிட்டி பக்கத்துக்குப் போய், ஹை டிபிஐ அமைப்பில் ஸ்கேலிங் பொறுப்பை 'அப்ளிகேஷன்' என்று மாற்றிய உடனே கோடுகள் ஊசிபோல் நின்றன. அந்தக் கணத்தில் எனக்கு உண்டான மகிழ்ச்சி பூநாரைக் கூட்டத்தை நேரில் பார்த்ததற்குக் குறைந்ததன்று.

கால்கள் ஒடிந்ததற்குக் காரணம் வேறு. 6000×4000 பிக்சல் படத்தை 864 வரிக்குள் அடக்க, வியூவர் நாலைந்து வரிக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிட்டது. நெடுவரிசைகளிலும் அப்படியே செய்ததால், நான்கு பிக்சல் அகலமுள்ள சாய்ந்த கால் ஓரிடத்தில் அகப்பட்டு மற்றோரிடத்தில் தவறியது. பிக்சல்களை எறியாமல் அக்கம்பக்கத்தோடு கலந்து கணக்கிடும் ரீசாம்பிள் வசதியை இயக்கி, அதில் லாங்சோஸ் என்ற முறையைத் தேர்ந்ததும் கால்கள் ஒட்டிக்கொண்டன. இருண்ட அலகைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு தோன்றுகிறது. அது அந்த முறையோடு வருவது, பொறுத்துக்கொள்கிறேன்.

நிறம் வெளுத்ததற்குக் கேமராவில் நான் வைத்திருந்த அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பே காரணம். திரைகளுக்கான வழக்கமான அமைப்பான எஸ்ஆர்ஜிபியைவிட அதன் நிறவெளி, அதாவது காட்டக்கூடிய நிறங்களின் பரப்பு, அகலமானது. எந்த நிற அமைப்பு என்று சொல்லப் படத்தோடு வரும் புரொஃபைலைப் படிக்காத வியூவர் அந்த எண்களை எஸ்ஆர்ஜிபி என்று கொள்வதால் சாயம் குறைகிறது. கலர் மேனேஜ்மென்ட்டை இயக்கினேன், சிவப்பு திரும்பியது.

பெட்டியிலிருந்து லென்ஸை வெளியே எடுத்தபோது, உடன் வைத்திருந்த நீலச் சிலிகா ஜெல் முழுவதும் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. ஈரம் ஏறிவிட்டதற்கு அதுவே அடையாளம். கடற்கரையில் இருப்பவர்கள் அதைப் பொட்டலமாக வாங்காமல் கிலோவாக வாங்கி, நிறம் மாறும்போதெல்லாம் சூடாக்கி உலர்த்திக்கொள்வது கட்டுப்படியாகும். திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யக் கேலிபரேட்டர் வாங்கும் எண்ணமும் இருக்கிறது. அதற்குள் சித்திரங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு ஒருமுறை போய்க் கூழைக்கடாக்களை எடுத்து, அவற்றின் வெண்மை இந்தத் திரையில் எப்படி நிற்கிறது என்று பார்க்கவேண்டும்.

அந்திவானப் படங்களில் படிப்படியாகத் தெரியும் பட்டைகள் மட்டும் இன்னும் போகவில்லை. கறுப்பைக் குறிக்கும் 0 முதல் வெள்ளையைக் குறிக்கும் 255 வரை சீராக மாறும் சாம்பல் பட்டை ஒன்றை இன்று வரைந்து வைத்திருக்கிறேன். கோளாறு படக்கோப்பிலா, திரையின் பேனலிலா என்பதை இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கப்போகிறேன்.